சங்கத்தில் சேரலாமா? ஹாங்காங் வரும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்னையில் ஒன்பது வருடம் டெஸ்க்கில் இருந்துவிட்டு, ஹாங்காங்கில் ஓர் ஆங்கிலச் செய்தி நிறுவனத்தில் வேலை கிடைத்து ஆகஸ்டில் வருகிறீர்கள். ஊரில் நீங்கள் சங்க உறுப்பினர். இங்கே இருக்கும் நண்பர் ஒருவர், "பத்திரிகையாளர் சங்கத்துப் பக்கமே போகாதே, அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். சேரலாமா, சேர்ந்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா, வீட்டில் மனைவி பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2006இல் வந்தவள். இருபது வருடமாக இங்கே டெஸ்க் வேலைதான். அந்தச் சங்கத்தில் உறுப்பினர். நடுவில் ஒரு வருடம் மட்டும் இல்லை, அதையும் சொல்கிறேன். சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஹாங்காங் பத்திரிகையாளர் சங்கம் 1968இல் தொடங்கியது. சட்டப்படி அது ஒரு பதிவுபெற்ற தொழிற்சங்கம். நம் ஊர் சங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். பத்திரிகையாளர் சம்பளத்தை நிர்ணயிக்கும் ஊதிய வாரியம் இங்கே கிடையாது. நிர்வாகம் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற சட்டமும் கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி நாட்களில், 1997 ஜூனில், அப்படி ஒரு சட்டம் நிறைவேறியது. ஆட்சி சீனாவிடம் கைமாறிய சில மாதங்களிலேயே ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே சம்பள உயர்வு வாங்கித் தரும் பலம் சங்கத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தில் சந்தேகம் வந்தால் கேட்கலாம், நிருபர் கைதானால் அன்றைக்கே அறிக்கை வரும், வருடா வருடம் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி ஆய்வு செய்வார்கள், உறுப்பினருக்குப் பத்திரிகையாளர் அட்டை தருவார்கள்.

அந்த அட்டையிலிருந்துதான் நெருக்கடி என் கண்ணில் படத் தொடங்கியது. 2019இல் ஜனநாயக உரிமை கேட்டு நடந்த போராட்டங்களின்போது தெருவில் நின்ற ஃப்ரீலான்ஸ் பிள்ளைகள் பலரிடம் இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். மஞ்சள் ஜாக்கெட், ஹெல்மெட், கழுத்தில் அட்டை. 2020 செப்டம்பரில் காவல்துறை தன் விதியைத் திருத்தியது. அரசின் செய்தித் துறையில் பதிந்த ஊடகங்களையும் பெயர்பெற்ற வெளிநாட்டு ஊடகங்களையும்தான் இனி ஊடகமாக ஏற்போம் என்றது. சங்கத்தின் அட்டைக்கு அதில் இடமில்லை. சங்கத்தைத் தடை செய்யவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. ஒரு விதியை மாற்றியதோடு, அந்தப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கியது காவல்துறைக்கு முன்னால் செல்லாத அட்டை ஆகிவிட்டது.

அடுத்த வருடம்தான் எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. 2021 ஜூன் 23 நள்ளிரவு நான் மோங்கொக் பகுதியில் வரிசையில் நின்றேன். அரசு நெருக்கடியில் மூடப்பட்ட ஜனநாயக ஆதரவு நாளிதழ் ஆப்பிள் டெய்லியின் கடைசி இதழ். பத்து லட்சம் பிரதி அச்சடித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா கையில் காய்கறிக்கடைத் துணிப்பை வைத்திருந்தார். கட்டு வந்து இறங்கியதும் ஐந்து பிரதி வாங்கி, சுருக்கம் விழாமல் பையில் அடுக்கினார். ஒரு பிரதியை என் பக்கம் நீட்டி, மை இன்னும் காயவில்லை என்று தன் விரலைக் காட்டினார். இந்த ஊர் மொழியான கான்டனீஸ் எனக்கு அப்போதும் சுமார்தான். அது மட்டும் புரிந்தது.

ஜூலை கடைசியில் ஆசிரியர் சங்கத்தின் மேல் பாய்ந்தார்கள். 1973இலிருந்து இருந்த சங்கம், 95,000 உறுப்பினர்கள், நகரத்திலேயே பெரிய தனித் தொழிற்சங்கம். சீன அரசு ஊடகங்கள் அதை விஷக்கட்டி, வெட்டி எறிய வேண்டும் என்று எழுதின. அன்றைக்கே கல்வித் துறை உறவைத் துண்டித்தது. அடுத்த பத்தே நாளில் சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அக்டோபரில், சுதந்திரத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பும் கலைந்தது. பேச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தின் ஐந்து பேர், ஆடுகளும் ஓநாய்களும் வரும் குழந்தைப் படக்கதைகள் வெளியிட்டதற்காக, தேசத்துரோக வழக்கில், 2022 செப்டம்பரில் 19 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். அந்தச் சங்கத்தின் பதிவும் போனது.

எங்கள் சங்கத்தின் முறை 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பாதுகாப்புத் துறைச் செயலர் கிறிஸ் டாங், சங்கம் பள்ளிகளுக்குள் ஊடுருவி மாணவர்களை இழுக்கிறது என்றார். உறுப்பினர் யார் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளியிடச் சொன்னார். 2022 ஜனவரியில் தொழிற்சங்கப் பதிவாளரிடமிருந்து கடிதம் வந்தது. கணக்கு மட்டும் கேட்கவில்லை. சங்கம் நடத்திய நிகழ்ச்சிகள் ஏன் நடந்தன, அவை சங்க விதிக்குள் வருமா என்றெல்லாம் விளக்கம் கேட்டார்கள். சங்கத்தைக் கலைத்துவிடலாமா என்று உறுப்பினர்களே கூடிப் பேசும் நிலை அந்த ஆண்டு வந்தது.

என் கதை இங்கேதான் வருகிறது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் மேலதிகாரி ஒருவர் என்னைக் காபி குடிக்க அழைத்துப் போனார். மிரட்டவில்லை. "உன் நல்லதுக்குச் சொல்கிறேன், அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டாமே" என்றார். உறுப்பினர் பட்டியல் வெளியே போனால் நிறுவனத்துக்குக் கேள்வி வரும் என்றார். எனக்கு நிரந்தர வசிப்புரிமை இருந்தது, விசா பயம் இல்லை. இருந்தும் அந்த வருடம் சந்தா கட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. புதுப்பிப்புப் படிவம் மேசை இழுப்பறையில் பத்து மாதம் கிடந்தது. ஸ்டேப்ளர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். இன்னும் எனக்கு உறுத்துவது அது.

திரும்பச் சேர வைத்தது ரான்சன் சான் கைது. அவர்தான் அப்போது சங்கத் தலைவர். 2022 செப்டம்பர் 7, மோங்கொக்கில் ஒரு குடியிருப்போர் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போனார். காவலர் அடையாள அட்டை கேட்டார், இவர் அந்தக் காவலர் யார் என்று கேட்டார். பணியைத் தடுத்ததாக வழக்கு. அடுத்த வருடம் ஐந்து நாள் சிறை என்று தீர்ப்பு. பெரிய தேசத்துரோக வழக்கெல்லாம் இல்லை, குடியிருப்போர் கூட்டம். அந்தக் கைதுச் செய்தியை எடிட் செய்தது நான்தான். முடித்த கையோடு இழுப்பறையைத் திறந்து படிவத்தை நிரப்பினேன். (உங்களுக்கும் ஒரு விஷயம்: இங்கே 15 வயது நிரம்பினால் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம், முதலில் எடுத்துக் காட்டுங்கள்.)

2024தான் மிக மோசமான வருடம். ஜூனில் சங்கத் தேர்தல். அதற்கு முன்பே அமைச்சர் மட்டத்திலிருந்து தாக்கு, போட்டியிடுகிறவர்கள் வெளிநாட்டு ஊடகக்காரர்கள் என்று. சிலர் விலகினார்கள். செலீனா செங் தலைவரானார். அமெரிக்க நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இருந்தவர். போட்டியிலிருந்து விலகும்படி தன் மேலதிகாரி கேட்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். விலகவில்லை. ஜூலை 17 வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு என்று அவரிடம் சொன்னார்கள். சங்கப் பொறுப்புதான் காரணம் என்கிறார் அவர், சட்ட நடவடிக்கையும் எடுத்தார். பணியாளர் மாற்றங்கள் நடந்தது உண்மை, தனிநபர் பற்றிப் பேச மாட்டோம் என்றது நிறுவனம்.

தம்பி, உங்கள் நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனம் என்பதால் இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ஹாங்காங் அரசியல் சாசனமான அடிப்படைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உரிமை தருகிறது. சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது வேலைவாய்ப்புச் சட்டப்படி குற்றம். ஏட்டில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் தலைமையகம் எங்கோ கடல் தாண்டி இருக்கிற நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் வேண்டும், நிருபர்களுக்கு விசா வேண்டும். அரசு ஒரு வார்த்தை சொல்லாமலே, தொந்தரவு வேண்டாம் என்று நிர்வாகம் தானாக ஒதுங்கும். என்னைக் காபிக்கு அழைத்தவரையும் யாரும் ஏவிவிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

அந்த வருடம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பெயரில்லாத கடிதங்களும் மின்னஞ்சல்களும் வந்தன. 13 ஊடகங்களைச் சேர்ந்த பத்திரிகையாளர்கள் குறிவைக்கப்பட்டதாகச் சங்கம் செப்டம்பரில் அறிவித்தது. பத்திரிகையாளருக்கு மட்டும் போகவில்லை. பெற்றோருக்கு, வீட்டு உரிமையாளருக்கு, அக்கம்பக்கத்தாருக்குப் போயின. இவரோடு பழகினால் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் (பிரிவினை, ஆட்சிக் கவிழ்ப்பு போன்ற குற்றங்களுக்கான கடுமையான சட்டம்) மாட்டுவீர்கள் என்ற தொனி. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, ஒரு சா சான் தெங்கில் (நம்ம ஊர் டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்த மாதிரி இடம்) எனக்கு எதிரே உட்கார்ந்து, ஓர் உறையை மேசைமேல் வைத்தாள். மேலே அவள் அப்பாவின் பெயர், தட்டச்சில். பால் டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது, அவள் தொடவில்லை. "என்னைத் திட்டி எழுதியிருந்தால் கவலைப்பட மாட்டேன் அக்கா. அப்பா இப்போது என்னிடம் போனில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்" என்றாள். அவள் சங்கத்தை விடவில்லை. அப்பா வீட்டுக்குப் போவதைத்தான் குறைத்துக்கொண்டாள்.

அப்புறம் வரி. இங்கே மே மாதம் வரித் துறையின் பச்சை உறை வரும், பச்சை வெடிகுண்டு என்றே மக்கள் சொல்வார்கள். 2025 மேயில் சங்கம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. சங்கத்தையும், சில சுதந்திர ஊடகங்களையும், பத்திரிகையாளர்களையும், அவர்கள் குடும்பத்தினரையும் வரித் துறை துருவிக்கொண்டிருக்கிறது. செலீனா செங்கின் பெற்றோருக்கும் நோட்டீஸ். வரித் துறை கேட்டவற்றில் பல விசித்திரமானவை என்றது சங்கம். ஓர் ஊடக நிறுவனத்திடம் அது தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்குக்கூட வரி கேட்டிருக்கிறார்கள் என்றது. யாரையும் தொழிலை வைத்துக் குறிவைக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே நடைமுறைதான் என்றது வரித் துறை. கைதுக்குத் தலைப்புச் செய்தி வரும். வரி நோட்டீஸுக்கு வராது. ஆனால் ஐந்தாறு பேர் நடத்தும் சின்ன ஊடகத்துக்குக் கணக்கர் கட்டணமே முதுகை ஒடித்துவிடும்.

உங்கள் பெயரிலும் ஒருநாள் அந்த உறை வரும் என்று வைத்துக்கொண்டே கணக்கு வையுங்கள். ஆறு வருடம் பின்னோக்கிப் போய்க் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சம்பளச் சீட்டு, ஊருக்கு அனுப்பிய பணத்தின் ரசீது, வெளியே எழுதி வாங்கிய சிறு தொகைகூட, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன், அதுவும் போதும்.

சட்டத்தையும் இறுக்கிவிட்டார்கள். தொழிற்சங்கச் சட்டத்தில் 2025 ஜூனில் நிறைவேற்றிய திருத்தம் 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. தேசியப் பாதுகாப்பு வழக்கில் தண்டனை பெற்றவர் இனி சங்கப் பொறுப்புக்கு வர முடியாது. வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி வேண்டும். ஆகவே சந்தாவும் உள்ளூர் நன்கொடையும்தான் சங்கத்தின் மூச்சு. ஓர் உறுப்பினர் குறைந்தாலும் தெரியும், கூடினாலும் தெரியும். சேருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசா பற்றி. சங்க உறுப்பினர் என்பதற்காக விசா மறுக்கலாம் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் விசா நீட்டிப்பு மறுக்கப்பட்ட பத்திரிகையாளர்கள் உண்டு, தனிநபர் விவகாரம் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் குடிவரவுத் துறையின் வழக்கமான பதில். நிரந்தர வசிப்புரிமைக்கு ஏழு வருடம். அதுவரை உங்கள் விசா உங்கள் முதலாளியோடு கட்டப்பட்டது. அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்: முதலில் தகுதிகாண் காலத்தை முடிப்பேன். ஒப்பந்தத்தில் வெளி அமைப்புகளில் சேர்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பேன். பிறகு சாதாரண உறுப்பினராகச் சேருவேன். நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடுவதெல்லாம் நிரந்தர வசிப்புரிமை வந்த பிறகு. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சிறு பிள்ளைகள் இருக்கிற வீடு உங்களுடையது.

மனைவியிடம் எதையும் மறைக்க வேண்டாம். எல்லாம் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லவும் வேண்டாம். கடிதம் வந்தால் அவர் பெயருக்கும் வரலாம், ஊரில் உங்கள் அப்பா பெயருக்கும் வரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த உறையைப் பிரிக்கும்போது கை நடுங்காது. வந்தால் கிழிக்காமல், உறையோடு வைத்திருந்து சங்கத்துக்குச் சொல்லுங்கள். 2024இல் விஷயம் வெளியே வந்தது அப்படித்தான். என் அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். அவரிடம் நான் இதையெல்லாம் சொன்னபோது, "யாராவது லெட்டர் போட்டா போஸ்ட்மேன் கிட்டயே படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு உனக்கு போன் பண்றேன்" என்றார்.

வந்து இறங்கியதும் எழுதுங்கள். இங்கே சிம் ஷா சுய் பகுதியில் காயல்பட்டினத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஊர்ச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. குடும்பத்தோடு வாருங்கள், சாப்பிட்டுக்கொண்டே உங்கள் ஒப்பந்தத்தையும் சேர்ந்து படித்துவிடலாம்.