ஆற்றுச் சேற்றில் சலவைத்தூள்: கேள்வி பதில்

கழிவுநீரோடு ஆற்றுக்குப் போகும் டிடர்ஜென்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னாலான பதில்கள் இவை. ஆற்றுநீரையும் படிவையும் பரிசோதிப்பது என் தொழில். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: மாதிரி எடுக்கும் குப்பியை டிடர்ஜென்ட் போட்டுக் கழுவாதீர்கள்.

ஆற்றில் வெள்ளையாக நுரை மிதந்தால் அது டிடர்ஜென்ட்தானே?

இருக்கலாம். இலைதழை மக்கிக் கரைந்த நீரும் பாறையில் மோதினால் நுரைக்கும். அது பெரும்பாலும் பழுப்பேறி, மண்வாசனையோடு இருக்கும். டிடர்ஜென்ட் நுரை வெளுப்பாக, கழிவுநீர் விழும் இடத்தை ஒட்டி நிற்கும். ஆனாலும் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அப்படியானால் பரிசோதனை எப்படி?

மெத்திலீன் நீலம் என்ற சாயம் நீரில் கரையும். தனியாகக் குளோரோஃபாமுக்குள் போகாது. எதிர்மின் சுமை கொண்ட டிடர்ஜென்ட் மூலக்கூறோடு ஜோடி சேர்ந்தால்தான் போகும். மாதிரி நீர், சாயம், குளோரோஃபாம் மூன்றையும் பிரிபுனலில் விட்டுக் குலுக்கி நிறுத்துங்கள். கனமான குளோரோஃபாம் அடியில் தங்கும். சுத்தமான நீர் என்றால் அந்த அடுக்கில் நிறமே இராது; டிடர்ஜென்ட் கூடக்கூட நீலம் ஏறும். அந்த நீலத்தைத்தான் அளக்கிறோம். குளோரோஃபாம் ஆவி கெடுதல் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

ஒருமுறை ஆறு மாதிரிகளும் கருநீலமாக வந்தன. ஆறு நாசமாகிவிட்டது என்று அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டேன். ஒப்பீட்டுக்கு வைத்த காய்ச்சி வடித்த நீரும் அதே நீலம் காட்டியபோதுதான் உறைத்தது: முந்தைய நாள் யாரோ அக்கறையாகக் குப்பிகளைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்கள்.

ஓடும் நீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடாதா? சேற்றில் என்ன தங்கப் போகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இன்று சலவைத்தூளில் அழுக்கு நீக்கச் சேரும் முக்கியப் பொருள்களில் ஒன்று நேர்ச்சங்கிலி அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட். தயாரிப்பில் வினைபுரியாமல் தப்பிய மூலப்பொருளான அல்கைல்பென்சீனும் அதில் 1 முதல் 3 சதவீதம் ஒட்டிக்கொண்டு வரும். இது தண்ணீரை விரும்பாது; மிதக்கும் துகள்களில் ஏறி அவற்றோடு அடியில் படியும். இயற்கையில் இதற்கு வேறு மூலம் இல்லை என்று சொல்லலாம். ஆகவே சேற்றில் இது கிடைத்தால் அங்கே சாக்கடை வந்திருக்கிறது என்று பொருள். டோக்கியோ ஆறுகளில் தகாடா, இஷிவதாரி என்ற ஆய்வாளர்கள் 1987-இல் இதை வைத்தே கழிவுநீரின் தடத்தைப் பின்பற்றினார்கள்.

அழகு இதற்கு மேல்தான். அல்கைல்பென்சீன் என்பது ஒரு கார்பன் சங்கிலியில் பென்சீன் வளையம் ஒட்டிய மூலக்கூறு. அந்த வளையம் சங்கிலியின் ஓரத்தில் இருந்தால் நுண்ணுயிரிகள் சீக்கிரம் தின்னும். நடுப்பக்கம் இருந்தால் தாமதமாகும். நடுவகைக்கும் ஓரவகைக்கும் உள்ள விகிதம் சலவைத்தூளில் 1-க்குக் கீழே. சேற்றிலும் அப்படியே இருந்தால் வந்தது சுத்திகரிக்காத சாக்கடை. விகிதம் ஏறியிருந்தால் நுண்ணுயிரிகள் ஏற்கெனவே கைவைத்துவிட்டன.

காலக்கணக்கும் கிடைக்கும். 1950-களின் டிடர்ஜென்டுகளுக்குக் கிளைத்த சங்கிலி. எளிதில் சிதையாமல் ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டு 1964-இல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-இல் நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள். குழாய் இறக்கி எடுத்த சேற்றைச் சென்டிமீட்டர் கணக்கில் அரிந்து பார்த்தால் அடியில் கிளைத்தது, மேலே நேரானது. புழுக்கள் குடைந்து கலக்காத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொட்டலத்தில் 'மக்கும்' என்று அச்சிட்டிருக்கிறார்களே! வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

அப்படி அச்சிடுவதற்கான சோதனை காற்றோட்டத்தில், பெரும்பாலும் 28 நாள் நடப்பது. ஆக்சிஜன் இருந்தால் மக்கும், மறுக்கவில்லை. சாக்கடை விழும் ஆற்றில் சேற்றின் மேல்தோலைத் தாண்டினால் ஆக்சிஜன் கிடையாது. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த இடம்.

(அதே அன்பர்) நல்ல சுத்திகரிப்பு நிலையம் 95 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிடும். இதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். காற்று ஊட்டும் நிலையம் ஒழுங்காக ஓடினால் அது உண்மை. ஆனால் ஒரு பகுதி கசடில் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கசடைக் காற்றில்லாத தொட்டியில் செரிக்க வைத்த பிறகும், உலர்ந்த கசடில் கிலோவுக்குச் சில கிராம் மிச்சம் இருக்கும். நிலையத்தையே பார்க்காமல் ஆற்றில் விழும் சாக்கடைக்கு உங்கள் 95 பொருந்தாது.

(மறுபடியும் அவரே) அப்படியானால் அந்த அல்கைல்பென்சீன் விஷம் என்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? அது சாட்சி, குற்றவாளி அல்ல. குற்றவாளி வேண்டுமானால் டிடர்ஜென்டுகளில் சேர்ந்த இன்னொரு பொருளான நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டைப் பாருங்கள். சிதையச் சிதையத் தீமை கூடும் பொருள் அது. சங்கிலி தேய்ந்து கடைசியில் நிற்கும் நோனைல்ஃபீனால் சேற்றில் தங்கும், பெண்மை ஹார்மோன்போல் நடிக்கும். அதன் தாக்கத்தால் ஆண் மீனிலும் முட்டைக்கருப் புரதம் சுரக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சலவைப் பொருள்களில் இதை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. உங்கள் 'மக்கும்' என்ற சொல்லை இங்கே வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாருங்கள்.

சேற்றைத் தூர்வாரிவிட்டால் தீர்ந்ததா?

சாக்கடை விழுந்துகொண்டே இருக்கும்போது வாரிப் பயனில்லை. கிளறினால் புதைந்ததெல்லாம் மேலே வரும், பாஸ்பேட் உட்பட. சேற்றைக் கிளறாதீர்கள்.

பூந்திக்கொட்டைக்கு மாறலாமா? இயற்கையானதாயிற்றே.

அதில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் மீனுக்கு நஞ்சு. இயற்கை என்பதால் ஓடை ஓரத்தில் கொட்டிவிடாதீர்கள்.

ஆற்றுநீரைக் கொதிக்க வைத்தால் டிடர்ஜென்ட் போய்விடுமா?

போகாது. நீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

குளித்த பின் உடம்பெல்லாம் அரிக்கிறது.

தோல் மருத்துவரிடம் போங்கள்.

எந்த நிறுவனத்தின் தூள் நல்லது?

அடுத்த கேள்வி.

எங்கள் பக்கத்து ஆற்றில் வெள்ளை நுரை. டிடர்ஜென்ட்தானே?

முதல் பதில்.

நுரை பற்றி ஒரு சந்தேகம்...

முதல் பதில்!

பரிசோதனைக்கு நீர் அனுப்ப ஆசை. குப்பியைச் சலவைத்தூள் போட்டுப் பளபளவென்று கழுவித் தயாராக வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து அனுப்பாதீர்கள். வெந்நீரில் பல முறை அலசி, ஆய்வகத்தில் கொடுத்து நீர்த்த அமிலத்தாலும் காய்ச்சி வடித்த நீராலும் கழுவித் தரச் சொல்லுங்கள். அல்லது புதுக் குப்பி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.