அரக்கோணத்தில் பெங்களூரு குளிர் கிடைக்குமா?

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். அம்பத்தூர் வெயில் தாங்கவில்லை. அரக்கோணம் பக்கம் பண்ணை மனை பார்த்திருக்கிறேன். "பெங்களூருவும் இதே 13 டிகிரி அட்சரேகைதான். மரங்கள் வளர்ந்துவிட்டால் அதே குளிர் வந்துவிடும், காப்பிச் செடிகூட வைக்கலாம்" என்கிறார் புரோக்கர். வரைபடத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: குளிருக்காக என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அட்சரேகை விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். சென்னை, அரக்கோணம், பெங்களூரு, மங்களூரு நான்கும் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன. ஆனால் உச்சி வெயில் எவ்வளவு சாய்வாக விழும், பகல் எத்தனை மணி நேரம் என்பதோடு அட்சரேகையின் வேலை முடிந்துவிடுகிறது. பள்ளியில் வெப்ப மண்டலம், மித வெப்ப மண்டலம் என்று பூமிக்குப் பட்டை பட்டையாக வண்ணம் தீட்ட வைத்து, ஐந்து மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டையை வைத்துத்தான் இன்று மனை விற்கிறார்கள்.

பெங்களூருவின் குளிருக்குக் காரணம் அதன் உயரம். 900 மீட்டருக்குக் குறையாத பீடபூமியில் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது நடைமேடைக் கோடியில் இருக்கும் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே, யாரும் படிக்காத சின்ன எழுத்தில், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். நூறு மீட்டர் அளவில்தான் இருக்கும். மரம் வளர்ந்தால் நிழல் கிடைக்கும், தரை உயராது. ஏற்காட்டுக் காப்பியும் மலைமேல்தான் விளைகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். கோடையில் சென்னையைக் காப்பாற்றுவது பிற்பகல் கடற்காற்று. மெரினாவுக்கு முதலில் வந்து, அம்பத்தூருக்குத் தாமதமாக வந்து, அரக்கோணம் போய்ச் சேரும்போது இளைத்துவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது. நீங்களோ கடலை விட்டு இன்னும் தள்ளிப் போகப் பார்க்கிறீர்கள். மங்களூரு கதை வேறு: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அங்கே கொட்டித் தீர்த்துவிடுகிறது.

"உயரமே இல்லாமல் குளிரும் ஊர்கள் இல்லையா?" என்று யாராவது கிளம்புவார்கள். உண்டு. பெரு நாட்டின் லிமா தெற்கே 12 டிகிரியில், கடலோரத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் பகலில்கூட 20 டிகிரியைத் தொடத் திணறும், மழையோ இல்லவே இல்லை எனலாம். அதற்குக் காரணம் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் என்ற குளிர்நீரோட்டம். கடல் சில்லிட்டிருப்பதால் மேலே இருக்கும் காற்றும் சில்லிட்டு, எழும்ப முடியாமல் பனிமூட்டமாகப் படுத்துக்கிடக்கிறது. கோடையில் நம் வங்கக் கடலில் காலை வைத்துப் பாருங்கள், வெந்நீர்! ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் "கடலோரக் குளிர்" என்று எவராவது மனை காட்டினால், அதற்கும் இதே பதில்தான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் புரோக்கர் வாயால் சொன்ன குளிரை எந்த ஆவணத்தில் காட்டி நிரூபிப்பீர்கள்? அவர் குளிரை எழுத்தில் தரமாட்டார், கேட்டுப் பாருங்கள்.

இவர்கள் இடம் காட்டக் கூட்டிப்போகும் மாதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மார்கழி, தை. இலவச வேன், வாழையிலைச் சாப்பாடு, காலைப் பனியில் எடுத்த புகைப்படம். அந்த மாதத்தில் அம்பத்தூரும் குளிராகத்தான் இருக்கிறது. விவசாயம் செய்யவே இடம் வேண்டுமென்றால் பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வேன் அனுப்பச் சொல்லுங்கள்.