பங்குச் சுவாமியின் கொப்பி

அன்புள்ள அக்கா,

எங்கள் கோவில் திருநாள் மலருக்கு, 1990இல் இருந்த பங்குச் சுவாமியைப் பற்றி எழுதக் கேட்டிருக்கிறார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அம்மாவைக் கேட்டால், மாமாவைப் பிடித்துப்போனது, சுவாமி பெயர் பதிந்தது என்று அங்கேயே போய் நிற்கிறார். மலரில் அரசியல் வேண்டாமாம். பக்தியாக மட்டும் எப்படி எழுதுவது? இன்னொன்று, புளியந்தீவுக் கோவில் பழையதா, தாண்டவன்வெளிக் கோவிலா?

– ஒரு வாசகர், மட்டக்களப்பு

தம்பி,

எது பழைய கோவில் என்பதை ஆயர் இல்லத்தில் கேளுங்கள், அவர்களிடம் பதிவு இருக்கும்.

சந்திரா பெர்னாண்டோ அடிகளாரின் நினைவு நாள் நெருங்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிடிபட்டவர்களுக்காகவும் காணாமல் போனவர்களுக்காகவும் குரல் கொடுத்த மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவர் அவர். 1988 ஜூன் 6ஆம் திகதி, புளியந்தீவு மரியன்னை பேராலயத்தில் வைத்தே சுட்டுக்கொன்றார்கள். வருடாவருடம் பூசை வைக்கிறோம், மாலை போடுகிறோம், எளிமையானவர், சிரித்த முகம் என்று பேசுகிறோம். பிரஜைகள் குழு என்ற இடம் வந்ததும் மட்டும் பேசுகிறவரின் குரல் இறங்கிவிடுகிறது. யூஜின் ஹேபியர் சுவாமிக்கும் இதேதான். புனித மிக்கேல் கல்லூரியில் அவர் பழக்கிய கூடைப்பந்தைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்வார்கள். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ்ப் பையனோடு காணாமல் போனார் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்ச் சுவாமியை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். அவர் தங்கியிருந்த அறைவீட்டு விறாந்தையில் ஒரு மேசை, அதில் ஒரு சீஆர் கொப்பி. பிடித்துப்போனவர்களின் விபரத்தைப் பதியப் பெண்கள் வாங்கில் வரிசையாக இருப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், எத்தனை மணி, எந்தப் பக்கமாகக் கொண்டு போனார்கள், என்ன நிறச் சேட்டு. சேட்டுக்கு வந்ததும் எல்லாரும் அழுதுவிடுவார்கள். அவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருப்பார், அழுது முடிந்ததும் அதே கேள்வியைத் திரும்பவும் மெதுவாகக் கேட்பார். எங்கள் பெரியம்மாவிடம் பொத்தான் எத்தனை என்றுகூடக் கேட்டார். அவர் பூசையில் என்ன பிரசங்கம் வைத்தார் என்று எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, அந்தக் கொப்பி ஞாபகமிருக்கிறது.

இதை எடுத்துவிட்டுப் பக்தியாக எழுது என்றால் என்னத்தை எழுதுவீர்கள்? கோவிலுக்கு வெள்ளையடித்ததையா? கோபம் வருகிறது தம்பி. மலர்க்குழுவில் கோபமில்லை, உங்களில்தான். அம்மா அங்கேயே போய் நிற்கிறார் என்று சலித்துக்கொள்கிறீர்களே, முப்பது வருடத்துக்கு மேலாக அவர் அங்கேதான் நிற்கிறார். ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து முழுதாகக் கேட்டீர்களா? மாமாவின் சேட்டு என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த வாங்கில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொப்பிகள் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. இனி அவர்கள் வாயில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

சரி, கனக்கத் திட்டிவிட்டேன், மனதில் வைக்க வேண்டாம். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அம்மாவோடு இருங்கள். திகதி பிழைத்தால் திருத்தப் போகாதீர்கள், அவர் போக்கில் விடுங்கள். இரவில் கேட்க வேண்டாம், பிறகு அவருக்கு நித்திரை வராது. மலர்க்குழு போடாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், ஒரு சொல்லும் வெட்டாமல் இங்கே போடுகிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.