காசு அச்சடித்தால் போதாதா?

வணக்கம். ஒட்டுசுட்டானில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். சின்னதாக ஒரு பலசரக்குக் கடையும் இருக்கிறது. லண்டனில் இருக்கிற என் மருமகன், "அரசாங்கம் தன்ர காசைத் தானே அச்சடிக்குது, பிறகேன் மாமா வரி? வரியைக் குறைச்சால் சனத்துக்கு நல்லதுதானே?" என்கிறான். எனக்கும் அது சரிபோலத்தான் படுகிறது. வன்னியில் வருமான வரி கட்டுகிற ஆட்களும் அவ்வளவாக இல்லை. அப்படியிருக்க, பட்ஜெட்டைப் பற்றி நீங்கள் இவ்வளவு எழுதுவது ஏன்?

– ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள ஐயா,

உங்கள் மருமகன் சொல்வதில் பாதி உண்மை. ரூபாயில் பட்ட கடனுக்கு ரூபாய் இல்லையென்று இலங்கை அரசு கையை விரிக்க வேண்டியதில்லை. திறைசேரி உண்டியல் எனப்படும் குறுகியகாலக் கடன் பத்திரத்தை வெளியிட்டு மத்திய வங்கியை வாங்க வைத்தால் காசு வந்துவிடும். அப்படித்தான் செய்தும் பார்த்தார்கள். ஆனால் அந்தக் காசுக்கு டீசலும் யூரியாவும் வராது. அவை டொலருக்குக் கப்பலில் வருபவை.

2019 டிசம்பரில் வற் என்கிற பெறுமதி சேர் வரியை, அதாவது பொருளின் விலையோடு சேர்த்து எடுக்கும் வரியை, 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை உழைப்பவருக்கு வருமான வரியே இல்லையென்றார்கள். அரச வருமானம் சரிந்தது. அடுத்த ஆண்டே, கடனைத் திருப்பிக் கட்டுவார்களா என்று மதிப்பிடும் கடன் தரப்படுத்தலில் நாடு கீழே இறங்கியது, வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. கொரோனாவில் சுற்றுலாவும் படுத்தது. பள்ளத்தை மத்திய வங்கியின் காசு நிரப்பியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் முடிவில் 460 ரூபாய். செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் எடுக்கக் கானோடு வரிசையில் நின்றவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

மாதம் இரண்டு இலட்சம் சம்பளம் எடுத்த ஒருவருக்கு 2019இல் கிடைத்த வரிச்சலுகையை, 2022இல் நீங்கள் விலையாகக் கட்டினீர்கள். உங்களிடம் யாரும் படிவம் நீட்டவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. அதனால்தான் வரி குறைப்பதெல்லாம் ஏழைக்கு நல்லது என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வன்னியார் வரி கட்டுவதில்லை என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள் ஐயா. கொம்பனி வானில் உங்கள் கடைக்கு இறங்கும் சவர்க்காரத்தையே எடுங்கள். 118 ரூபாய்க்கு நீங்கள் வாங்கினால் அதில் 18 ரூபாய் வற். 2024 ஜனவரியிலிருந்து அதுதான் வீதம். உங்கள் கடை வற்றுக்குப் பதியாத சின்னக் கடை என்பதால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் துண்டில் வரியென்று எதுவும் எழுதியிராது. ஆனால் அந்த 18 ரூபாயை, கூலிக்கு நாற்று நடப்போகிற அம்மாதான் கடைசியில் சுமக்கிறா. கொழும்பில் மாளிகை வைத்திருப்பவருக்கும் அதே சவர்க்காரத்துக்கு அதே 18 ரூபாய்தான். அரிசிக்கும் மரக்கறிக்கும் வற் இல்லையே என்பீர்கள். அவற்றை ஏற்றிவரும் லொறியின் டீசலுக்கு உண்டு. மகனோடு பேசப் போடும் ரீலோட்டில் வற்றோடு தொலைத்தொடர்பு வரியும் சேர்ந்து கழிகிறது. இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பங்கு இப்படிப் பொருளின் விலைக்குள் ஒளிந்து வருவதுதான்.

ஒரு விடயத்தில் நான் உங்கள் மருமகன் பக்கம். செலவு என்றாலே விலை ஏறும் என்பதில்லை. போகங்களுக்கு இடையில் எங்கள் பெடியள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். மண்ணும் கிரவலும் இங்கேயே கிடக்கின்றன. அந்த நேரத்தில் குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் அரசு செலவழித்தால் டொலர் பெரிதாகப் போகாது, நெல்லாகவே திரும்பி வரும். சிக்கனம் என்றதும் முதலில் வெட்டப்படுவதும் இந்த வகைச் செலவுதான். வாங்கிய கடனுக்கான வட்டியில் கைவைக்க முடியாதே. 2023இல் அரச வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது.

இனி அச்சடிப்பது பற்றிய வாதத்துக்கும் அதிகம் இடமில்லை. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு அப்படி நேரடியாகக் காசு கொடுப்பதைத் தடுத்துவிட்டது. அரசு செலவழிக்க வேண்டுமென்றால் கடன் வாங்க வேண்டும், இல்லையேல் வரி எடுக்க வேண்டும். யாரிடம் எடுப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் சண்டை. சவர்க்காரத்தில் எடுப்பதைக் குறைத்து, பெரிய வருமானத்திலும் பெரிய சொத்திலும் எடுக்க வேண்டும் என்பது என் பக்கம்.

உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் வாய்க்கால் திருத்தத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அதிகாரியிடம் கேளுங்கள். தொகையை எனக்கும் எழுதுங்கள், இங்கே பிரசுரிக்கிறேன்.