பூவரசங் கிண்ணம் ஏன் வெடித்தது?

கேள்வி: காற்றில் சாய்ந்த பூவரச மரத்தின் 10 அங்குலத் தண்டை வட்டமாகத் துண்டு போட்டு, லேத்தில் 8 அங்குலக் கிண்ணம் கடைந்தேன். பத்தே நாளில் அடியிலிருந்து விளிம்பு வரை வெடித்துவிட்டது. மரம் சரியில்லையா? மீதித் தண்டை என்ன செய்வது?

பதில்: மரத்தின் மேல் குற்றமில்லை. கடைசலுக்குப் பூவரசு அருமையான மரம். நீங்கள் துண்டு போட்ட விதம்தான் தவறு.

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. நடுவிலிருந்து பட்டை நோக்கி ஒரு பங்கு சுருங்கினால், வளையத்தை ஒட்டிச் சுற்றுவாக்கில் ஏறக்குறைய இரண்டு பங்கு சுருங்கும். தண்டின் நடுப்புள்ளி கிண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டால் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லை. எங்காவது பிளந்தே தீரும்.

மீதித் தண்டின் இரு முனையிலும் இன்றைக்கே மெழுகையோ கெட்டியான ஃபெவிகாலையோ பூசுங்கள். கடையத் தொடங்கும்போது, வெடித்திருக்கும் முனைகளை அறுத்துத் தள்ளிவிட்டு, 9 அங்குல நீளத் துண்டை நடுப்புள்ளி வழியாக நெடுக்காகப் பிளக்கவும். ஒவ்வொரு பாதியிலும் நடுப்பக்கமாக அரை அங்குலம் சீவி எறியுங்கள். தட்டையான பக்கம் கிண்ணத்தின் வாய், பட்டைப் பக்கம் அடி. ஃபேஸ்பிளேட்டை (லேத்தில் மரத்தை மாட்ட உதவும் வட்டத் தகடு) வாய்ப்பக்கமே திருகுங்கள். திருகு ஓட்டைகள் குடையும்போது போய்விடும்.

ஒரே மூச்சில் முடிக்க ஆசைப்படாதீர்கள். முதல் கடைசலில் சுவர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும்: 8 அங்குலத்துக்கு 20 மி.மீ. அடியும் அதே கனம். அடி கனமாகவும் விளிம்பு மெல்லியதாகவும் விட்டால் மறுபடி வெடிப்புதான். சக் (லேத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் தாடை) பிடிக்கும் அடிக்குமிழை 3 அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கள். பிறகு அதுவும் கோணும், சீர்செய்ய மரம் வேண்டும். சமநிலை இல்லாத துண்டுக்கு நிமிடத்துக்கு 500 சுற்றே அதிகம். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் செதுக்கினால் பிசிர் எழாது. தோளில் துண்டு, கையுறை இரண்டும் வேண்டாம். முகத்துக்குக் கவசம் கட்டாயம்.

கடைந்ததை எடை போட்டு, தேதியோடு பென்சிலால் அடியில் எழுதி, வெளிப்புறம் மெழுகு பூசி, காகிதப் பைக்குள் வைத்து நிழலில் விடுங்கள். ஃபேன் காற்று படக்கூடாது. கடைசலில் விழுந்த ஈரச் சுருளோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று வாரம் எடை மாறாவிட்டால் உலர்ந்துவிட்டது. பொதுவாக மூன்று முதல் ஐந்து மாதம். அதற்குள் வாய் நீள்வட்டமாகியிருக்கும், பயப்பட வேண்டாம். இப்போது மறுபடி மாட்டி, 7 மி.மீ. வரை கடைந்து, 120, 180, 240, 320 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள்.

பூச்சுக்கு நல்லெண்ணெய் சரிப்படாது. உலராமல் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு உருக்கித் தடவினால் போதும். அரக்குப் பூச்சு பம்பரத்துக்கும் சொப்புக்கும் அழகு. சூடான சாம்பாருக்கு இளகிவிடும்.

கிண்ணத்துக்குத் தேறாத ஒல்லித் துண்டுகளை நடுப்புள்ளி தவிர்த்து நெடுக்காக அறுத்து உலர்த்தினால் மத்து, சப்பாத்திக் குழவி கடையலாம். அரளி, எட்டி மட்டும் சமையலறைப் பக்கமே வரக்கூடாது, நஞ்சு.