கோடையைத் தாண்டும் கிழங்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் பகுதியில் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து டேலியா என்ற பூச்செடி வளர்க்கிற குழு ஒன்று வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டு மாடியிலாவது கூடுவோம். செடி பார்ப்போம், நட்டு வளர்க்கக் கட்டிங் (அறுத்த குருத்து) வாங்கிக்கொள்வோம், காபி குடித்துவிட்டுக் கலைவோம். புதுச்சேரி மலர்க் கண்காட்சிக்குச் செடி கொண்டுபோக ஆரம்பித்ததிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. நல்ல ரகம் வைத்திருப்பவர்கள் கட்டிங் தருவதில்லை. இந்த வருடம் இரண்டு பேர் நர்சரியில் மொட்டு விட்ட செடியை வாங்கி, தொட்டி மாற்றிக் கொண்டுபோனார்கள். ஒருவருக்குப் பரிசும் கிடைத்தது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் நடந்த சண்டையை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வீட்டிலும் கேட்கிறார்கள்: வாசனை கிடையாது, தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் போடுவதில்லை, கடற்கரை ஊரில் மலைப் பூவுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று. போதாததற்கு, அடுத்த வருடம் நட எடுத்து வைக்கிற டேலியாக் கிழங்கெல்லாம் ஜூனுக்குள் சுருங்கிவிடுகிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் பணம் கொடுத்துப் புதுச்செடிதான். இந்தக் குழுவில் நான் நீடிக்க வேண்டுமா? இப்போது பூ முடிந்து நிற்கும் செடிகளை என்ன செய்வது?

எஸ்., மஞ்சக்குப்பம்

அன்புள்ள டீச்சருக்கு,

நீடியுங்கள். ஆனால் குழுவின் வேலை என்ன என்பதை நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து மறுபடி பேச வேண்டும். சண்டை ஒரு தனிப் பிரச்சினை, கிழங்கு சுருங்குவது இன்னொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கிழங்கு கோடையைத் தாண்டினால் ஒரு ரகத்துக்குப் பத்துத் தொட்டி இருக்கும். பத்துத் தொட்டி இருக்கிறவர் கட்டிங்கை ஒளிக்க மாட்டார். ஒரே ஒரு செடி இருக்கிறது, அதுவும் வரும் கோடையில் போய்விடும் என்ற பயம்தான் மனிதரைக் கைமூட வைக்கிறது. நர்சரிச் செடியை வாங்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனவர்களிடமும் அக்டோபரில் நட்டு வளர்க்கச் சொந்தக் கிழங்கு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

டேலியா ஏன் நம்மிடம் கோடையில் சாகிறது என்பதற்கு அதன் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும். மெக்சிகோவின் உயரமான மலைப்பகுதிச் செடி அது. அங்கே கோடையில் மழை பெய்யும், செடி வளரும், பூக்கும். மழை நின்று குளிரும் வறட்சியும் வரும்போது மேலே இருப்பது காய்ந்து, கிழங்கு மட்டும் குளிர்ந்த மண்ணுக்குள் உறங்கும். 1789 வாக்கில் விதை மாட்ரிட் தோட்டத்துக்குப் போனது. 1791-இல் கவனியெஸ் என்ற தாவரவியலாளர் அதற்கு ஆண்டர்ஸ் டால் என்ற சுவீடன்காரரின் பெயரை வைத்தார். அப்புறம் ஐரோப்பாவே அதன் பின்னால் ஓடியது. ஐரோப்பியர்களின் கவலையெல்லாம் உறைபனி கிழங்கைக் கொன்றுவிடும் என்பது. நம் கவலை நேர் எதிர். குளிரில் உறங்கப் பழகிய கிழங்கை நாம் கத்திரி வெயிலில் உறங்கச் சொல்கிறோம். உறங்குகிற கிழங்குக்கும் மூச்சு உண்டு. சூடு ஏற ஏற அது தன்னிடம் இருக்கும் தண்ணீரையும் சேமிப்பையும் வேகமாகச் செலவழிக்கும். ஜூனில் நீங்கள் பார்க்கிற சுருக்கம் அதுதான்.

இரண்டாவது சிக்கல் மழை. டேலியா பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் வங்காளத்தையும் வட சமவெளியையும் மனதில் வைத்தவை. கொல்கத்தாவில் அக்டோபரோடு மழை விடைபெறும். பிறகு உலர்ந்த குளிர், டேலியாவுக்குக் கேட்டு வாங்கினாலும் கிடைக்காத பருவம். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. செப்டம்பர் கடைசியில் தொட்டியில் வை என்ற குறிப்பை அப்படியே கேட்டால் நவம்பரில் வேர் அழுகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மொட்டு வரும் காலம் அது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, இரண்டொரு நாளில் தென்பெண்ணை வெள்ளம் உங்கள் பக்கம் புகுந்தது. இளஞ்செடி வைத்திருந்தவர்களுக்கு அந்த வருடம் என்ன மிஞ்சியிருக்கும்? நம் கரையில் டேலியா வளர்க்கிறவர் ஒரு கோடையையும் ஒரு புயல் காலத்தையும் கடக்க வேண்டும். இதைத் தனி வீடாகச் செய்ய முடியாது. அதற்குத்தான் குழு.

விதை போட்டால் வராதா என்று கேட்பார்கள். செடி வரும், அந்த ரகம் வராது. பெரும்பாலான செடிகளுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம் என்றால் தோட்டத்து டேலியாவுக்கு எட்டுத் தொகுதி. விதைக்கு விதை நிறமும் உருவமும் மாறும். புது ரகம் உண்டாக்குகிறவருக்கு அது வரம். ஆனால் கையில் இருக்கும் ரகம் பிழைக்க வேண்டுமென்றால் கிழங்கு அல்லது கட்டிங்தான் வழி. உங்கள் பதினைந்து மாடியிலும் இருக்கும் ஒரு ரகத்துச் செடிகள் எல்லாம் உண்மையில் ஒரே செடிதான். பதினைந்திலும் செத்தால் உங்கள் ஊரில் அது முடிந்தது.

இனி கிழங்கு. முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கோடையில் கிழங்கைப் பிரிக்கவே மாட்டார். கொத்தாகவே வைத்துவிடுவார். சின்னத் துண்டு சீக்கிரம் காயும், கொத்து தாங்கும். செப்டம்பரில் எடுத்து ஈர மணலில் பாதி புதைத்து நிழலில் வைப்பார். சில நாளில் பழைய தண்டின் அடியைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாகவோ பச்சையாகவோ மேடு தட்டும். அதுதான் கண், முளை வரும் இடம். கிழங்கின் உடம்பில் கண் வராது, தண்டும் கிழங்கும் சேரும் கழுத்துக்கு மேலேதான் வரும். அவர் கொத்தை முறத்தில் வைத்து, ஒவ்வொரு கிழங்கின் கழுத்தையும் இரண்டு விரலால் மெல்ல அசைத்துப் பார்ப்பார். ஆடினால், எவ்வளவு கொழுத்த கிழங்கானாலும் ஒதுக்கிவிடுவார். கழுத்து ஒடிந்தது முளைக்காது. உறுதியாக இருப்பதைத் தண்டின் ஒரு சீவலோடும் ஒரு கண்ணோடும் சேர்த்து அறுத்து, வெட்டு வாயில் அடுப்புச் சாம்பல் தடவி, ரகத்தின் பெயரைக் கிழங்கின் தோல் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுவார். அட்டை தொலையும், கிழங்கு தொலையாது என்பது அவர் கணக்கு. ஒரு கொத்திலிருந்து மூன்று நல்ல துண்டு கிடைத்தாலே போதும் என்பார், எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

ஏனென்றால் முளைத்த துண்டு தொடர்ந்து குருத்து விடும். இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் அடியோடு ஒட்டி அறுத்து மணலில் குத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். அறுத்த இடத்தில் மறுபடி குருத்து வரும். பிழைத்த ஒரே கிழங்கிலிருந்து பல வீட்டுக்குச் செடி கொடுக்கலாம். இந்தக் கணக்கை உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டே காட்டுங்கள். ஒளித்து வைப்பவர்களிடம் பேசுவதைவிட இது உதவும்.

ஒவ்வொரு ரகமும் குறைந்தது மூன்று வீட்டில் கோடையைக் கழிக்கட்டும், மூன்றும் மூன்று விதமாக. ஒரு வீட்டில் மண்பானையில் உலர்ந்த மணலுக்குள், வீட்டின் குளிர்ந்த மூலையில். இன்னொரு வீட்டில் கிழங்கைத் தோண்டாமல், தொட்டியோடு நிழலில் சாய்த்து வைத்து, மண் முழுக்கப் பாளமாகிவிடாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டி. சின்னத் தொட்டியில் வளர்ந்த கிழங்கு சிறுத்துக் கெட்டியாக இருக்கும், கோடையை நன்றாகத் தாங்கும். கண்காட்சிக்குப் பெரிய தொட்டி வைக்கிறவர்கள் ஒவ்வொரு ரகத்திலும் காப்புக்கென்று ஒரு சின்னத் தொட்டியும் வைக்க வேண்டும். மூன்றாவது பங்கு மலைக்குப் போகட்டும். பதினைந்து குடும்பத்தில் ஒருவருக்காவது ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ உறவுக்காரர் இருக்க மாட்டாரா? மார்ச்சில் மேலே போகும் கிழங்கு அங்கே உறங்கவே வேண்டாம், வளரும். அக்டோபரில் கட்டிங்காக இறங்கி வரும். எது பிழைத்தது, எது போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆசிரியையாக இருந்த உங்களைவிட அந்த நோட்டுக்குப் பொருத்தமானவர் யார்? சில வருடத்தில் கடலூருக்கென்றே ஒரு டேலியாக் குறிப்பு உங்கள் கையில் இருக்கும். வங்காளத்துக் குறிப்பை நம்பவேண்டி இருக்காது.

அந்த நோட்டில் வெளிச்சத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் டேலியா தழைப்பதை விட்டுவிட்டுக் கிழங்கு போடத் தொடங்கும். நம் ஊரில் டிசம்பர் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். தாமதமாக நட்ட செடி குட்டையாக நின்று, இதழ் குறைந்து, நடுவில் மஞ்சள் வட்டம் தெரியும் பூவாகப் பூப்பதற்கு இது முக்கியக் காரணம். கட்டிங் எடுக்கிற தாய்ச்செடிக்கு மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு எல்இடி பல்பு போட்டால் தழைத்துக்கொண்டே இருக்கும். மழைக்குப் பாலித்தீன் கூரை ஒரு வீட்டு மாடியில் போட்டால் போதும், எல்லோருடைய இளஞ்செடியும் அங்கே ஒதுங்கலாம். சவுக்குக் கழிக்கு உங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. செடி வைக்கும்போதே கழியை ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் கிழங்கைத் துளைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே வேண்டாம். இலை நரம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் ஓடி, இலை சுருண்டு, செடி குறுகி நின்றால் அது பெரும்பாலும் மொசைக் வைரஸ். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், கிழங்கிலும் கட்டிங்கிலும் கூடவே பயணம் போகும். பகிர்ந்துகொள்ளும் குழுவுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அபூர்வ ரகம், வேண்டியவர் கொடுத்தது என்று பார்க்காமல் பிடுங்கி எறிய வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.

கண்காட்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. பிரிட்டனின் தேசிய டேலியா சங்கம் 1881-இலும் அமெரிக்கச் சங்கம் 1915-இலும் தொடங்கியவை. போட்டி அவற்றின் உயிர்மூச்சு. ஆனால் அந்த நாட்டுக் குழுக்களில் போட்டிப் பூவை வைப்பவரே வளர்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வசந்தத்தில் உறுப்பினர்கள் மிச்சக் கிழங்கைக் குழுவுக்குக் கொடுப்பார்கள், அதை விற்று வருடச் செலவைப் பார்ப்பார்கள். நீங்களும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அக்டோபரில் குழுவின் பதிவில் இல்லாத செடி பிப்ரவரியில் குழுவின் பெயரில் போகக் கூடாது. பரிசு வாங்கிய ரகத்தின் ஒரு கொத்து அந்த மார்ச்சிலேயே குழுவுக்கு வர வேண்டும். இந்த வருடம் நடந்ததைத் தோண்ட வேண்டாம். விதி அடுத்த அக்டோபரிலிருந்து.

வீட்டில் கேட்ட கேள்விக்கும் சொல்கிறேன். வாசனை இல்லை, கட்ட முடியாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாதி விரிந்த டேலியாவைக் காலையில் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெளி இதழ்கள் மல்லாந்து கிடக்கும், நடுவில் இன்னும் பச்சை நிறம் போகாத சின்ன இதழ்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, சுழல் வரிசை ஒரு இடத்தில்கூடத் தப்பாமல் மூடியிருக்கும். அத்தனை ஒழுங்கு நம் மாடியில், உப்புக்காற்றில், நாம் ஊற்றிய கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரில் உருவானது. ஒரு மனிதர் அதற்காக வருடம் முழுக்கப் பாடுபடுவதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பூ முடிந்த செடியை இப்போது வெட்டாதீர்கள். இலை பச்சையாக இருக்கும்வரை கிழங்கு பருக்கும். வாடிய பூக்களை மட்டும் கிள்ளுங்கள், பிண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள், தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். இலை தானாக மஞ்சளித்துக் காய்ந்த பிறகு தண்டை நாலு அங்குலம் விட்டு வெட்டி, அந்த அடித்தண்டில் ரகத்தின் பெயரை உடனே கட்டிவிடுங்கள். தோண்டுவதானால் அதற்குப் பத்து நாள் கழித்து, சுற்றிலும் மண்ணோடு தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து ஒடியும்.

அன்புடன்