இரண்டரை மணிக்குச் சாப்பாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சென்னை வந்திருந்தேன். காணொளிகளைப் பார்த்துத் தொகுத்த பதினேழு உணவகங்களின் பட்டியலோடு மூன்று நாட்கள் ஆட்டோவில் அலைந்ததில் மிஞ்சியது ஏமாற்றமே. காலை பத்து மணிக்குக் காசிமேடு போனால் நல்ல மீன் இல்லை. கோயம்பேட்டில் நண்பகலில் சேறும் வாடிய கீரையும்தான் இருந்தன. திருவல்லிக்கேணியில் பெயர்பெற்ற ஒரு மெஸ்ஸுக்குள் மதியம் இரண்டரைக்கு நுழைந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த பணியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'முடிஞ்சுபோச்சு' என்றார். இத்தனை பேர் தேடி வரும் கடையில் கொஞ்சம் கூடுதலாகச் சமைத்து வைத்தால் என்ன? எங்கள் கோவையில் இப்படி நடக்காது. ஏப்ரல் கடைசி வாரத்தில் பெற்றோருடன் மறுபடியும் வருகிறேன். நம்பிப் போகக்கூடிய பத்து உணவகங்களையும் இரண்டு மூன்று சந்தைகளையும் முகவரியோடு தர முடியுமா? சுகாதாரமான இடங்களாக இருந்தால் நல்லது.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத அமர்ந்ததற்குக் காரணம் அந்த இரண்டரை மணிதான். எங்கள் பகுதியில் நெடுங்காலமாக மதியச் சாப்பாடு மட்டும் போட்டுவந்த ஒரு சிறிய மெஸ் அண்மையில் கைமாறியது. புதிதாக எடுத்தவர் வாசலில் ஒளிரும் பலகை வைத்து, காலை ஏழு முதல் இரவு பதினொன்று வரை அனைத்தும் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஏன் எரிச்சல் மூள்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கோவையா சென்னையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. சிறுவாணித் தண்ணீரில் கொதித்த பருப்புக்கு முன்னால் நாங்கள் தோற்றுத்தான் போவோம். சுகாதாரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆவி பறக்க இலையில் விழும் சோற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, குடிக்கும் தண்ணீரை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். முகவரிகளை உங்கள் கைப்பேசி என்னைவிட நன்றாகச் சொல்லும்.

இனி அந்த மெஸ்ஸுக்கு வருவோம். கூடுதலாகச் சமைத்து வைத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். சமைத்து வைக்காததனால்தான் அந்தக் கடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பதை அங்கே வாசலில் நின்றபோதே நீங்கள் உணர்ந்திருக்க வேண்டும். சந்துக்குள் இருக்கும் ஒரு சிறிய மெஸ்ஸின் பொருளாதாரம் மிகவும் குறுகலானது. அன்றைக்கு வேண்டிய காயை அன்று காலையில் வாங்கி, பதினொன்றரைக்குள் குழம்பையும் கூட்டையும் பொரியலையும் இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தி போட்டு, இரண்டு மணிக்குள் அண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டும். இருபது சாப்பாடு மிஞ்சினால் அன்றைய லாபம் அந்த இருபதோடு போய்விடும். எனவே வரக்கூடிய கூட்டத்தைவிடச் சற்றுக் குறைவாகவே அவர்கள் அரிசி அளப்பார்கள். கடைசியாக வந்தவர் பசியோடு திரும்புவதில் அவர்களுக்கு வருத்தம் இருந்தாலும், முதலில் வந்தவருக்கு நேற்றைய குழம்பைப் போடாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

நீங்கள் சொல்வதுபோல் அவர்கள் கூடுதலாகச் செய்யத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். முதலில் சாம்பாரை வெந்நீர் விட்டு நீட்டுவார்கள். பிறகு மிஞ்சிய பொரியலை மாலையில் வேறொரு பெயரில் விற்பார்கள். அதன் பிறகு ஒரு பெரிய டீப் ஃப்ரீசர் வாங்குவார்கள். ஃப்ரீசர் வந்த மறுநாளே வெங்காயத்தையும் தக்காளியையும் முந்திரியையும் அரைத்து வதக்கிய ஒரே விழுது மூன்று வண்ணங்களில் தயாராகி, அதன் தலையில் இருபது பெயர்கள் எழுதப்பட்டுவிடும். எந்த நேரத்தில் போனாலும் எல்லாம் கிடைக்கும் கடை அப்படித்தான் பிறக்கிறது. உங்கள் பட்டியலில் இருந்த பதினேழில் எத்தனை கடைகள் அந்த வகை என்பதை, நீங்கள் இரவு பத்து மணிக்குப் போய் வயிறு நிறைந்து திரும்பிய இடங்களை நினைவுகூர்ந்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மிச்சத்தைப் பயன்படுத்துவதே தவறு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சென்னையின் தனிச்சொத்தான வடகறி, விற்காமல் மிஞ்சிய மசால்வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டதிலிருந்து பிறந்ததாகத்தான் சொல்வார்கள். இன்று சைதாப்பேட்டை மாரி ஓட்டலுக்கு அதற்காகவே கூட்டம் போகிறது. மிச்சத்தை மிச்சம் என்று ஒப்புக்கொண்டு அதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்வது சமையல். அதை ஒளித்துவைத்துச் சுடவைத்துத் தருவதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

இளமையில் நானும் திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிதான். கட்டில் ஒன்று, கொடிக்கயிறு ஒன்று, மாடிப்படியில் வரிசையாகச் செருப்புகள் என்று இருந்த அந்த வாழ்க்கையில் எங்களுக்கு வீடாக இருந்தது ஒரு சந்து மெஸ். அதை நடத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு விடியலில் அவரோடு கொத்தவால் சாவடிக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்போது நகரத்தின் மொத்தக் காய்கறி வணிகமும் ஜார்ஜ் டவுனின் அந்த நெருக்கமான தெருக்களுக்குள்தான் நடந்துகொண்டிருந்தது. லாரியும் கைவண்டியும் மாடும் மூட்டை சுமப்பவர்களும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டு நிற்க, அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கத்தரிக்காய் அன்று முற்றல், புடலங்காய் பிஞ்சு, விலையும் இறக்கம். அந்த இடத்திலேயே அன்றைய கூட்டு முடிவாகிவிட்டது. மெஸ் வாசலில் இருந்த கரும்பலகையில் அவர் காலை எட்டு மணிக்கு எழுதும் வரிகள் அதிகாலை நாலரைக்குச் சந்தையில் எழுதப்பட்டவை என்று அன்று தெரிந்துகொண்டேன். எனக்குப் பிடிக்குமே என்று கத்தரிக்காய்க்கு நான் சிபாரிசு செய்தபோது, 'உனக்குப் பிடிக்கிறது அதுக்குத் தெரியுமா தம்பி?' என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

1996இல் மொத்த வணிகம் கோயம்பேட்டுக்கு மாறியது. நகரத்துக்கு அது தேவையான மாற்றம். ஏறத்தாழ 295 ஏக்கரில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளோடு அமைந்த அந்த வளாகம் இல்லாவிட்டால் ஜார்ஜ் டவுன் மூச்சுத் திணறியே செத்திருக்கும். ஆனால் எங்கள் மெஸ்காரருக்கு அது பேரிடி. சைக்கிள் ரிக்ஷாவில் காய் ஏற்றிவந்த தூரம் போய், நகரத்தின் மறுமுனைக்கு வேன் பிடிக்க வேண்டிய தூரம் வந்தது. அவர் வாங்கும் அளவுக்கு வேன் கட்டாது. பக்கத்திலிருக்கும் ஜாம்பஜாரில் சில்லறையாக வாங்கத் தொடங்கினார். விலை கூடியது, சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சுகம் குறைந்தது. கூட்டில் சௌசௌவும் பொரியலில் முட்டைக்கோசும் அடிக்கடி தலைகாட்டத் தொடங்கின. நாங்கள் முணுமுணுத்தோம். அவர் சாப்பாட்டு டோக்கனின் விலையை உயர்த்தாமல் எண்ணிக்கையைக் குறைத்தார். முன்பு இரண்டரை வரை நடந்த பந்தி ஒன்றரைக்கே முடிந்தது. அந்த மனிதர் மீது எனக்கு இன்றுவரை மரியாதை இருப்பது அந்த ஒரு முடிவுக்காகத்தான்.

ஆகவே, கோயம்பேட்டை நண்பகலில் பார்த்துவிட்டுச் சேறு என்று எழுதாதீர்கள். முந்தைய இரவிலிருந்தே லாரிகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். கோலார், மதனப்பள்ளித் தக்காளியும் மகாராஷ்டிர வெங்காயமும் ஊட்டி காரட்டும் கைமாறி முடிவதற்குள் நீங்கள் விடுதியில் புரண்டு படுத்திருப்பீர்கள். நண்பகலில் நீங்கள் கண்டது கல்யாணம் முடிந்த பிறகான மண்டபத்தை. பூச்சந்தையை விடியற்காலையில் பார்த்தால் உங்கள் கருத்து மாறக்கூடும். ஆனால் முதியவர்களை அந்த நெரிசலுக்குள் இழுத்துச் செல்லாதீர்கள். முதுகில் மூட்டையோடு ஓடிவருபவருக்கு வழிவிடும் வேகம் அவர்களுக்கு இருக்காது. பெற்றோருக்கு மயிலாப்பூர்தான் சரி. காலையில் தெற்கு மாட வீதியில் காய் விற்பவர்களிடம் நின்று நிதானமாகப் பேசுங்கள். வாழைப்பூ, சுண்டைக்காய், பருவம் மிச்சமிருந்தால் மாவடு என்று பெரிய அங்காடிகள் மறந்துவிட்ட பலவற்றை அங்கே உங்கள் அம்மா உங்களுக்கு அடையாளம் காட்டுவார். பக்கத்திலேயே கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் ராயர் மெஸ் இருக்கிறது. கெட்டிச் சட்னியோடு இட்லியும் பொங்கலும் காலையில் சில மணிநேரமே கிடைக்கும். பத்து மணிக்கு மேல் போய்விட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

மாலையில் பாரிமுனைப் பக்கம் போவதாக இருந்தால், செகண்ட் லைன் பீச் என்ற தெருவில் அத்தோ சாப்பிடுங்கள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸும் முட்டைக்கோசும் வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். அங்கும் இதே கதைதான். பிசையப் பிசைய விற்கும், தீர்ந்ததும் வண்டியைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூலைக்கு மூலை இருக்கும் பிரியாணிக் கடையைக் கவனித்திருப்பீர்கள். தேக்சா என்ற பெரிய பாத்திரத்தின் தம்மை உடைத்து அடித்தட்டு தெரியும் வரைதான் வியாபாரம். பாயிடம் போய், இன்னொரு தேக்சா வைத்திருக்கலாமே என்று யாரும் சண்டைபிடிப்பதில்லை. மெஸ்காரரிடம் மட்டும் ஏன் அந்த எதிர்பார்ப்பு?

அந்தப் பணியாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்ற உங்கள் வருத்தத்தைத் திரும்பவும் படித்தேன். கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விடியலில் எழுந்து தேங்காய் துருவி, இலை நறுக்கி, பதினொன்றரை முதல் இரண்டு வரை சாம்பார் வாளியோடு ஓடிய மனிதர், உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு தன் இலையின் முன் அமர்ந்திருக்கிறார். அவருக்கு மிஞ்சியது அடி ரசமும் உடைந்த அப்பளமுமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவர் எழுந்து நின்று, கைகழுவி, உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்றா நினைத்தீர்கள்? நீங்கள் கெட்டவர் இல்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்த களைப்பும் பசியும் உங்களை அப்படி எழுதவைத்திருக்கும். வெறும் வயிற்றோடு வாசலில் நின்றவரின் வேதனை எனக்கும் தெரியும். ஆனாலும் நம் வீட்டில் உண்டுகொண்டிருப்பவரைப் பாதியில் எழுப்பும் வழக்கம் கிடையாது. மெஸ்ஸிலும் அதுவே முறை.

பட்டியலைப் பற்றி ஒரே ஒரு யோசனை. ஆட்டோக்காரரிடம் நல்ல ஓட்டல் எது என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு ஏற்றது என்று அவர் கருதும் குளிரூட்டிய கடைக்கே கொண்டுபோய் விடுவார். இன்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். காய் விற்கும் அம்மாவிடமும் பூ கட்டும் பெண்ணிடமும் அதையே கேளுங்கள். தினமும் அதே பகுதியில் உழைத்து, தன் காசில் உண்பவருக்கு நாக்கும் கணக்கும் ஒருங்கே வேலைசெய்யும்.

கடைசியாக மீன். ஏப்ரல் கடைசி வாரம் என்கிறீர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. காசிமேட்டில் பெரிய படகுகள் அத்தனையும் கட்டிக்கிடக்கும், வலையைப் பிரித்துப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பார்கள். கரையோரம் போய்வரும் சிறு படகுகளில் கிடைப்பது மட்டுமே உள்ளூர் மீன். அதை வாங்க விரும்பினால், மெரினா லூப் சாலையோரம் விற்றுவந்தவர்களுக்காக 2024இல் நொச்சிக்குப்பத்தில் திறக்கப்பட்ட மீன் அங்காடிக்குக் காலையிலேயே போய்ப் பாருங்கள். பெரிய மீன்கள் அப்போது பெரும்பாலும் வேறு கடலிலிருந்தோ பனிக்கட்டிப் பெட்டியிலிருந்தோதான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களிலும் தட்டில் அடங்காத வஞ்சிரத் துண்டை எந்நேரமும் தயாராக வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். இன்றைக்கு மீன் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒரு மெஸ் கண்ணில் பட்டால், பன்னிரண்டரைக்குள் பெற்றோரோடு போய் உட்கார்ந்துவிடுங்கள். அன்று பெரும்பாலும் முட்டைக் குழம்பு இருக்கும்.

அன்புடன்.